லாச்சப்பலின் வரைபடத்தை யார் கீறுகிறார்கள்?

லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனால் மரக்கறியோடு மட்டும் திரும்பிவர முடியாது. தெரிந்தவர் ஒருவர் எப்படியும் ஒரு கடிதத்தோடு நிற்பார். அன்றும் அப்படித்தான். இருபது வருடப் பழக்கமுள்ள கடைக்கார அண்ணை ஒருவர் காசு மேசைக்குக் கீழேயிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இதென்ன சொல்லுறாங்கள் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். எனக்குப் பிரெஞ்சில கடை நடத்தத் தெரியும், கடிதம் வாசிக்கத் தெரியாது."

வாசித்தேன். பயப்பட ஒன்றுமில்லை. கடையின் முகப்பை மாற்றிப் புதிய பெயர்ப்பலகை பூட்டியிருக்கிறார். அப்படிச் செய்வதற்கு முன்பு நகர நிர்வாகத்துக்குக் கொடுக்கவேண்டிய அறிவித்தலைக் கொடுக்கவில்லை. இப்போதாவது விண்ணப்பத்தை நிரப்பி, முகப்பின் வரைபடமும் படங்களும் இணைத்து அனுப்பி ஒழுங்குபடுத்தும்படி கேட்டிருந்தார்கள்.

"பலகை பூட்டினவன் இதைச் சொல்லேல்லையே" என்றார். பிறகு, "சரி, இதைக் கீறிக் குடுக்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினேன். தமிழ் டொக்டர் இருக்கிறார். தமிழ் வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், காப்புறுதிக்காரர், வீடு விற்றுத் தருபவர், கல்யாண மண்டபம் பிடித்துத் தருபவர் எல்லாரும் இருக்கிறார்கள். கட்டட விதிகளும் நகரத் திட்டமும் தெரிந்த ஒருவரின் இலக்கம் மட்டும் என்னிடம் இல்லை. அந்தத் தெருவில் வேறு யாரிடமும் இருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நாற்பது வருடமாக ஒரு கடைத்தெருவையே உருவாக்கி வைத்திருக்கிற சமூகம் நாங்கள். அந்தத் தெருவின் அகலம், வெளிச்சம், வாடகை, நடைபாதை ஆகியவற்றைத் தீர்மானிக்கிற மேசையில் எங்கட பிள்ளையளை ஏன் அதிகம் காணவில்லை?

திட்டத்தால் வந்த தெரு

லாச்சப்பல் எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த இடம் என்று நினைக்கிறோம். அது முழு உண்மையில்லை. 1860 வரைக்கும் லாச்சப்பல் பரிஸுக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். அந்த வருடம்தான் அது நகரத்தோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1846இல், கார் து நோர் ரயில் நிலையம் வந்துவிட்டது. 1903இல் இரண்டாம் இலக்க மெற்றோ தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் தண்டவாளம், மேலே மெற்றோ, நாள் முழுக்கச் சத்தம். வசதியுள்ளவர்கள் விரும்பிக் குடியேறும் இடமாக அது இருக்கவில்லை. அதனால் கடை வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்தது.

1983க்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கியபோது எங்களுக்குத் தேவைப்பட்டதும் இதுதான்: குறைந்த வாடகை, பக்கத்தில் பெரிய ரயில் நிலையம், பல புறநகர்களிலிருந்து ஒரே ரயிலில் வந்துபோகிற வசதி. ஃபோபூர் சென் துனி வீதியின் மேல்பகுதியிலும் றூ காய், றூ பெர்தொனே போன்ற சிறிய தெருக்களிலும் ஒரு கடை பத்தாகி, பத்து நூறாகியது. நூறு வருடத்துக்கு முன்பு எவரோ காகிதத்தில் கீறிய கோடுகள்தான் எங்களுக்கு இந்தத் தெருவைத் தந்தன.

இன்றைக்கும் கோடுகள் கீறப்படுகின்றன. எங்களைச் சுற்றிவர என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிற றூ பஜோலில், பழைய ரயில்வே சரக்குக் கொட்டகை ஒன்று இடிபடாமல் காப்பாற்றப்பட்டு, 2013இல் நூலகமும் இளைஞர் விடுதியும் தோட்டமும் சூரியத் தகடுகளும் கொண்ட இடமாக மாறியது. அதை இடிக்கக்கூடாது என்று அந்தப் பகுதி மக்கள் அமைப்புகள் பல வருடம் நின்று பிடித்தன. 2015 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 2024இல் போர்த் து லா சப்பலில் 8,000 பேர் அமரும் விளையாட்டரங்கு வந்து, ஒலிம்பிக் பூப்பந்துப் போட்டிகள் அங்கே நடந்தன. அதே 2024 நவம்பரில் பரிஸ் நகரசபை புதிய நகரத் திட்ட விதிகளை நிறைவேற்றியது. எந்தத் தெருவில் தரைத்தளக் கடையை வீடாகவோ கந்தோராகவோ மாற்றக்கூடாது என்பது போன்ற விடயங்களையும் அந்த ஆவணம்தான் தீர்மானிக்கிறது.

கார் து நோரின் கதை இன்னும் பெரிது. அந்த நிலையத்தைப் பல மடங்கு பெருப்பித்து, உள்ளே பெரும் வணிக வளாகம் அமைக்கிற திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் நகரத் திட்டமிடலாளர்களும் சேர்ந்து பத்திரிகையில் அதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். 600 மில்லியன் யூரோ என்று தொடங்கிய செலவு 1.5 பில்லியனுக்கு மேல் போகிறது என்று சொல்லி, 2021 செப்டம்பரில் ரயில்வே நிறுவனமே ஒப்பந்தத்தை நிறுத்தியது.

அந்த வணிக வளாகம் வந்திருந்தால் அங்கிருந்து ஐந்து நிமிட நடைத்தூரத்தில் இருக்கிற எங்கட கடைகளுக்கு என்ன நடந்திருக்கும்? வாடகை ஏறியிருக்குமா? சனம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று வருட விவாதத்தில் எங்கட தெருவின் குரல் என் காதில் விழவேயில்லை. எங்களில் பலருக்கு இப்படி ஒரு திட்டம் இருந்ததே அது கைவிடப்பட்ட பிறகுதான் தெரியவந்தது.

எங்களைப் பற்றி எழுதியவர்கள்

எங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று சொல்லமுடியாது. ஓட் மாரி என்ற ஆய்வாளர் பரிஸின் தமிழ்ப் பகுதியைப் பற்றி 2008இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்தோனி கொரோ-பொன்சோ என்ற புவியியலாளர் இங்குள்ள தமிழரைப் பற்றிப் பல வருடம் ஆய்வு செய்திருக்கிறார். நல்ல வேலைகள், நன்றி சொல்லவேண்டும். பரிஸ் நகரத் திட்டமிடல் ஆய்வு நிலையமான 'அப்பூர்' 1967இலிருந்து இயங்குகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை நகரத்தின் கடைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறது. எங்கட கடைகளும் அந்தக் கணக்கில் ஒரு வரிசையாக இருக்கின்றன.

ஆனால் கணக்கெடுப்பவருக்கு ஒரு கடை 'உணவுப்பொருள் கடை' என்ற ஒரு சொல்தான். அந்தக் கடையில் திங்கட்கிழமை காலை யார் வந்து நிற்பார்கள், ஏன் நிற்பார்கள், பின்பக்க அறையில் யாருக்கு யார் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள், ஊரிலிருந்து புதிதாக வந்த பெடியன் முதல் வேலையை எங்கே விசாரிக்கிறான் என்பதெல்லாம் பட்டியலில் ஏறாது. அவை தெரிந்த பிள்ளையள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து, அம்மாவோடு பை தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அப்படியென்ன வேலை?

பிரெஞ்சில் 'உர்பனிஸ்த்' என்பார்கள். தமிழில் நகரத் திட்டமிடலாளர். எங்கட வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பதில் வரும். ஒன்று, "கட்டடம் கீறுறதோ?" மற்றது, "அது படிச்சு வேலை கிடைக்குமோ?"

கட்டடம் கீறுகிறவர் கட்டடக் கலைஞர். அது வேறு தொழில். நகரத் திட்டமிடலாளர் பார்ப்பது கட்டடத்துக்கு வெளியே உள்ளதை: வீதி, போக்குவரத்து, வீட்டுவசதி, கடைகள், பாடசாலை எங்கே வரவேண்டும், மழைநீர் எங்கே போகவேண்டும், ஒரு இடத்தை மாற்றினால் அங்கே இருக்கிறவர்களுக்கு என்னவாகும் என்பதெல்லாம்.

வேலைகள் பலவிதம். பல நகரசபைகளில், எங்கட ஆட்கள் சொல்கிற 'மேரி'களில், கட்டட அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிற பிரிவு இருக்கிறது. புறநகரில் வீடு வாங்கிய எங்கட குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்பக்கம் ஒரு அறை கூட்டிக் கட்ட, நகரத் திட்ட விதிகள் உள்ள குடியிருப்புப் பகுதியில் பொதுவாக 40 சதுர மீற்றர் வரை முன்னறிவித்தல் போதும், அதற்கு மேல் கட்டட அனுமதி வேண்டும். வீட்டின் மொத்தப் பரப்பு 150 சதுர மீற்றரைத் தாண்டினால் கட்டடக் கலைஞர் கட்டாயம். இது தெரியாமல் கட்டிவிட்டுப் பிறகு விற்கப் போகும்போது நொத்தாரிஸ் முன்னால் முழிக்கிறவர்கள் எத்தனை பேர்!

இது தவிர, சமூக வீட்டுவசதி நிறுவனங்கள், பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கிற திட்டங்கள், போக்குவரத்து நிறுவனங்கள், தனியார் ஆலோசனை நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்தத் தொழில் இருக்கிறது. கணினியில் விருப்பமுள்ள பிள்ளைக்கு எண்ணியல் வரைபட வேலை இருக்கிறது. நகரத்தின் எல்லாத் தகவலையும் வரைபடத்தில் ஏற்றி ஆராய்கிற தொழில் அது. கதைப்பதில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு, மக்களிடம் கருத்துக் கேட்டுத் திட்டத்தில் சேர்க்கிற வேலை இருக்கிறது. எட்டு வயதிலிருந்து தாய் தகப்பனோடு பொலிஸ் பணிமனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் மொழிபெயர்த்து வளர்ந்த எங்கட பிள்ளையளுக்கு அதில் ஏற்கெனவே பத்து வருட அனுபவம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிஸைச் சுற்றி 'கிரான் பரி எக்ஸ்பிரஸ்' என்று 200 கிலோமீற்றர் நீளத்தில் 68 நிலையங்களோடு புதிய மெற்றோப் பாதைகள் கட்டப்படுகின்றன. லா கூர்னேவ், லு பிளோன் மெனில், ஒல்னே, பொபினி, பொந்தி ஆகிய இடங்களில் நிலையங்கள் வருகின்றன. எல்லாம் எங்கட சனம் வசிக்கிற ஊர்கள். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் வீடு, கடை, வீதி எல்லாம் மாறப்போகிறது. அது பல வருடத்துக்கு இந்தத் தொழிலுக்கு வேலை கொடுக்கும். எங்கட வீட்டு வாடகையையும் அதுதான் தீர்மானிக்கும்.

வழி என்ன?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நேரான வழி, புவியியலும் பிரதேசத் திட்டமிடலும் கொண்ட மூன்று வருட 'லிசான்ஸ்', பிறகு நகரத் திட்டமிடலில் இரண்டு வருட மாஸ்டர். வளைவான வழிகளும் உண்டு. சட்டம், சமூகவியல், பொருளியல், கட்டடக்கலை படித்தவர்களும் இந்த மாஸ்டருக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தப் படிப்பின் தாய்வீடே பரிஸ்தான். 1919இல் இங்கே தொடங்கிய உயர் நகரவியல் கல்லூரி உலகத்திலேயே முற்பட்டவற்றில் ஒன்று. அதன் வழிவந்த 'எகோல் தூர்பனிஸ்ம் து பரி' இன்று ஷோன் சூர் மார்னில், குஸ்தாவ் எஃபெல் பல்கலைக்கழகத்தோடும் கிரெத்தெய் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து இயங்குகிறது. ஏ ரயிலில் ஏறினால் நுவாசி ஷோன் நிலையத்தில் இறங்கலாம். சொர்போனிலும் சியான்ஸ் போவிலும் இதே துறைக்குப் படிப்புகள் உண்டு.

செலவைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான சொல்: 'அல்தெர்னான்ஸ்'. படித்துக்கொண்டே வேலை செய்கிற ஒப்பந்தம் இது. 30 வயது நிரம்பும் முன் தொடங்கலாம். படிப்புக் கட்டணம் பிள்ளை கட்டவேண்டியதில்லை, மாதச் சம்பளமும் வரும். பல மாஸ்டர் படிப்புகளில் கடைசி வருடத்தை இப்படிச் செய்யலாம். முடிக்கும்போது கையில் சான்றிதழோடு ஒரு வருட அனுபவமும் இருக்கும்.

படித்துவிட்டு ஊரிலிருந்து வந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். மொறட்டுவையில் நகர, கிராமத் திட்டமிடல் படித்தவர், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் திட்டமிடல் படித்தவர் இங்கே சமையலறையில் நிற்கலாம். அவர்கள் 'எனிக் நாரிக்' என்ற அரச அமைப்பின் மூலம் தங்கள் பட்டம் இங்கே எந்த மட்டத்துக்குச் சமம் என்று எழுத்தில் பெறலாம். வேலை செய்கிறவர்களுக்குத் தொழிற்பயிற்சிக் கணக்கு இருக்கிறது. பொதுவாக வருடத்துக்கு 500 யூரோவாக 5,000 யூரோ வரை சேரும். பலர் அதை ஒருநாளும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பத்து வருடம் கட்டட வேலையில் நின்ற அனுபவத்தைச் சான்றிதழாக மாற்றுகிற 'வாஏ' என்ற வழியும் உண்டு. மாலை வகுப்புக்கு 'க்னாம்' இருக்கிறது.

குடியுரிமைக் கேள்வி வரும். நகரசபையில் நிரந்தர அரச உத்தியோகத்தராக, போட்டிப் பரீட்சை எழுதிச் சேர, பொதுவாகப் பிரெஞ்சு அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். அந்தப் பரீட்சைகளில் நகரத் திட்டமிடலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யும் உரிமையுள்ள அட்டையோடு ஒப்பந்த அடிப்படையில் சேரலாம். தனியார் நிலையங்களுக்கு இந்தத் தடை இல்லை.

உண்மையையும் சொல்லவேண்டும்

இது பெரிய பணம் தரும் தொழில் இல்லை. கணினித் துறையில் உள்ள ஒருவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும். டொக்டர் மாதிரிப் பெயருக்கு முன்னால் போட ஒரு எழுத்தும் கிடைக்காது. பிரான்சில் கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தை 1977ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. நகரத் திட்டமிடலாளர் என்ற பெயருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. அதனால் 1998இல் ஒரு தகைமை அமைப்பை உருவாக்கி, படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து 'தகைமை பெற்ற திட்டமிடலாளர்' என்று பட்டியலில் சேர்க்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து சில வருடத்தில் அந்தத் தகைமையை எடுப்பது பிள்ளைக்கு நல்லது.

சிநேகிதர் ஒருவரின் மகள் புவியியலும் திட்டமிடலும் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒரு கிழமை சாப்பாட்டு மேசையில் கதையில்லை. "ஜியோகிரபி படிச்சு என்ன, ரீச்சராகப் போறியோ?" என்பதுதான் தகப்பனின் கேள்வி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு றெஸ்ரோறன்டில் கோப்பை கழுவி வளர்த்த பிள்ளை. பயம் வரத்தானே செய்யும். மகள் இப்போது ஒரு புறநகர் நகரசபையில் வேலை செய்கிறாள். போன வருடம் தகப்பன் வீட்டுக்குப் பின்னால் அறை கட்ட யோசித்தபோது, தாளை எடுத்துவைத்து எவ்வளவு இடம் விடவேண்டும் என்று அளந்து காட்டியது அவள்தான். விண்ணப்பத்தைத் தன்னுடைய பிரிவுக்குக் கொடுக்கவேண்டி வந்தால் அந்தக் கோப்பைத் தான் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். தகப்பனுக்கு அது கொஞ்சம் கோபம்.

அந்தக் கோபத்தில் ஒரு பாடம் இருக்கிறது. எங்கட பிள்ளை நகரசபையில் இருந்தால் எங்கட வேலையைச் சுகமாக முடித்துத் தருவாள் என்று எதிர்பார்க்கக்கூடாது. அப்படி நடந்தால் அவளுடைய தொழிலும் போகும், எங்கட பெயரும் போகும். திட்டமிடலாளர் எல்லாருக்கும் பொதுவானவர். லாச்சப்பலில் நாங்கள் மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர், வட ஆபிரிக்கர், மேற்கு ஆபிரிக்கர், வங்காளிகள், பாகிஸ்தானியர் எல்லாரும் இருக்கிறார்கள். நடைபாதையில் பெட்டி அடுக்குவது பற்றியும் குப்பை பற்றியும் அங்கே குடியிருப்பவர்கள் முறைப்படுவதில் நியாயமும் உண்டு. 2017இல், லாச்சப்பல் பஜோல் பகுதியில் பெண்கள் தெருவில் நிம்மதியாக நடக்கமுடியவில்லை என்று எழுந்த மனு நாடு முழுவதும் விவாதமானது. எங்கட பெண்களும் அதே நடைபாதையில்தான் நடக்கிறார்கள். வெளிச்சம், அகலம், கழிப்பறை, கண்பார்வைக்கு மறைவான மூலைகள் எல்லாம் திட்டமிடல் விடயங்கள்தான்.

அப்படியென்றால் தமிழ்ப் பிள்ளை அந்த மேசையில் இருப்பதால் என்ன பயன்? சரியான கேள்வி கேட்கப்படும். "இந்தத் தெருவை ஆறு மாதம் மூடினால் இந்தக் கடைகள் தாங்குமா? பண்டிகைக்கு முந்தின மாதத்தில் மூடவேண்டாமே" என்று ஒருவர் கேட்டால் போதும். கடைக்காரருக்கு மூன்று மாதத்துக்கு முன்பே, அவருக்கு விளங்குகிற மொழியில் செய்தி போகும். சலுகை கேட்கவேண்டியதில்லை. திட்டம் கீறப்படும்போது அந்தத் தெருவின் நடைமுறை தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் காணும்.

தேர் ஓடும் வீதி

இந்தத் தொழிலுக்கும் எங்களுக்கும் ஒட்டே இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. பற்றிக் கெடிஸ் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவர். 1914இல் தன்னுடைய நகரக் கண்காட்சியைக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? எங்கட அப்பு ஆச்சி கெட்டிக்காரனைத் திட்டுவதற்குப் பயன்படுத்திய அதே 'எம்டன்'! மனுசன் விடவில்லை. மறுபடியும் படங்களைச் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். தமிழ்நாட்டின் கோயில் நகரங்களை நடந்து நடந்து பார்த்தார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் எழுதினார். கடைசிக்காலத்தில் பிரான்சின் மொன்பெலியேவில் குடியேறி, 1932இல் அங்கேயே காலமானார்.

எதையும் இடிப்பதற்கு முன்பு நடந்து பார், அங்கே வாழ்கிறவர்களிடம் கேள், குறைந்த வெட்டோடு சரிசெய் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்தூரில் பிளேக் நோய் பரவிய காலத்தில், தீபாவளி ஊர்வலம் இந்தமுறை அதிகம் சுத்தமான தெருக்களால்தான் போகும் என்று அறிவிக்கச் செய்தாராம். ஊரே தெருவைக் கூட்டத் தொடங்கியது.

ஊர்வலத்தின் பாதைக்கு என்ன பலம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் தேர் வீதியின் அகலத்தைத் தேர்தான் தீர்மானித்தது. இங்கேயும் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு கோடை முடிவிலும் விநாயகரின் தேர் லாச்சப்பல் வீதிகளால் வருகிறது. எந்தத் திருப்பத்தில் தேர் திரும்பும், எங்கே தேங்காய் குவிக்கலாம், எங்கே சனம் நெருக்கும், அம்புலன்ஸுக்கு எந்தத் தெருவை விடவேண்டும் என்று கணக்குப் போட்டு அனுமதி எடுத்து நடத்துகிறவர்கள் எங்கட ஆட்கள். சம்பளமும் பட்டமும் இல்லாமல் அவர்கள் செய்வது நகரத் திட்டமிடல்தான்.

இந்த வருடம் செய்யக்கூடியது

வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஒரு கிழமைத் தொழில் அறிமுகப் பயிற்சிக்கு இடம் தேடவேண்டி வரும். பதினோராம் வகுப்புக்கு முந்தின 'செகோந்து' பிள்ளையளுக்கும் 2024இலிருந்து ஜூனில் இரண்டு கிழமைப் பயிற்சி வந்துவிட்டது. வழக்கமாக நாங்கள் என்ன செய்வோம்? மாமாவின் கடை, சித்தப்பாவின் றெஸ்ரோறன்ட். கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது. இந்தமுறை உங்கட நகரசபையின் திட்டமிடல் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுத வையுங்கள். கட்டடக் கலைஞர் ஒருவரின் பணிமனையைக் கேளுங்கள். இரண்டு பேர் இல்லை என்பார்கள், மூன்றாமவர் ஓம் என்பார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் பிள்ளையளைப் பரிஸ் நாலாம் வட்டாரத்தில் உள்ள பவியோன் து லார்செனாலுக்குக் கூட்டிப் போங்கள். பரிஸ் எப்படி உருவானது, இனி என்ன வரப்போகிறது என்று அங்கே காட்டுகிறார்கள். உள்ளே போகக் காசு இல்லை.

பெரியவர்களுக்கும் வேலை உண்டு. ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் விசாரணை நடக்கும்போது, பாஸ்போட் எந்த நாட்டினது என்று கேட்காமல் எவரும் கருத்து எழுதலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய நகரங்களில் அயற்பகுதிச் சபைகள் இருக்கவேண்டும். வாக்குரிமை இல்லாதவரும் அங்கே போய் இருக்கலாம், கதைக்கலாம். பரிஸில் வசிப்பவர்கள் நகரத்தின் மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில் ஏழு வயதிலிருந்தே வாக்களிக்கலாம், அதற்கும் குடியுரிமை தேவையில்லை. கடைக்காரர் சங்கங்கள் வருடத்துக்கு ஒருவரையாவது இந்தக் கூட்டங்களுக்கு அனுப்பிவைத்தால், அங்கே என்ன கதைக்கிறார்கள் என்பதாவது தெருவுக்கு வந்துசேரும். கூடவே ஒரு மாணவியையோ மாணவனையோ அனுப்பினால், தொழில் என்னவென்று அவர்களுக்கும் விளங்கும்.

கடைக்கார அண்ணையின் விண்ணப்பத்தைக் கடைசியில் அந்தச் சிநேகிதரின் மகள் வழிகாட்ட நானும் அவருமாக நிரப்பினோம். முகப்பின் அளவை எடுத்தது அவருடைய பேரன், பதினான்கு வயது. அளவுநாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவன், "இதை ஏன் அவங்களுக்குச் சொல்லவேணும், கடை எங்கடதுதானே?" என்று கேட்டான்.

"கடை எங்கடது, தெரு எல்லாற்றயும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதிர்ப்பக்கக் கடையின் பலகையையும் அளந்து பார்க்கப் போய்விட்டான். அடுத்த வருடம் அவனுக்கு ஒரு கிழமைப் பயிற்சி வருகிறது. எங்கே அனுப்பலாம் என்று அண்ணையும் நானும் இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம்.